அறுபது வயதில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகலாமா?

சென்ற ஆண்டு டிசம்பரில் எங்கள் விளையாட்டு மருத்துவப் பிரிவுக்கு ஒரு தம்பதியர் வந்தனர். கணவருக்கு 59 வயது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக வாழ்ந்து வருபவர். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த அவர், நாள்பட்ட வலது தோள்பட்டை வலிக்காக எங்களை நாடினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே அவருக்கு இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டிருந்தது.

பரிசோதனை முடிந்து, தோளின் சுழல் தசைநாண்களில் தேய்வு இருப்பதை விளக்கினோம். இந்த நிலையில் நோயாளிகள் வழக்கமாகக் கேட்பது, “எத்தனை நாளில் சரியாகும்?” என்பதுதான். அவர் கேட்டது வேறு.

“அடுத்த ஆண்டு எனக்கு 60 ஆகிறது, டாக்டர். நான் தொழில்முறை ஆட்டக்காரராக மாறலாமா?”

எந்த ஆட்டத்தில் என்று கேட்டோம். டிஸ்க் கோல்ஃப் என்றார். அதுவரை அமைதியாக இருந்த அவருடைய மனைவி மெல்லக் கேட்டார்: “பெயர் மாறினால் வலி மாறிவிடுமா, டாக்டர்?”

அந்த இரண்டு கேள்விகளுக்கும் அன்று எங்களிடம் உடனடி விடை இல்லை. விடை தேடிய வழியை, அவர்கள் இருவரின் இசைவோடும் பெயரைத் தவிர்த்தும் இங்கே எழுதுகிறோம். இந்த ஆட்டத்தை நம் வாசகர்களில் பெரும்பாலோர் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் சிகிச்சைக்குப் பின் தாம் விரும்பும் ஒன்றுக்குத் திரும்பும்போது எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்வி நம்மில் பலருக்கும் உரியது.

ஆட்டமும் அதன் பின்னணியும்

டிஸ்க் கோல்ஃப் என்பது கோல்ஃப் ஆட்டத்தின் அமைப்பைப் பின்பற்றும் விளையாட்டு. பந்தும் மட்டையும் கிடையாது. நெகிழி வட்டு ஒன்றைத் தொடக்க மேடையிலிருந்து எறிய வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மீண்டும் எறிந்து, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைக்குள் சேர்க்க வேண்டும். மிகக் குறைந்த எறிகளில் முடிப்பவர் வெல்கிறார். ஒரு சுற்றுக்குப் பொதுவாக 18 கூடைகள். வட்டின் எடை பெரும்பாலும் 150 முதல் 180 கிராம் வரை. பெரும்பாலான ஆடுகளங்கள் பொதுப் பூங்காக்களிலும் மரங்கள் அடர்ந்த வெளிகளிலும் உள்ளன. பலவற்றில் ஆடுவதற்குக் கட்டணம் இல்லை. அமெரிக்காவிலுள்ள தம் பிள்ளைகளைக் காணச் சென்ற நம்மூர்ப் பெற்றோர் சிலர், பூங்காவில் நடக்கும்போது இந்தக் கூடைகளைப் பார்த்து, எதற்கு என்று தெரியாமல் கடந்து வந்திருக்கக்கூடும்.

இந்த ஆட்டத்துக்கென நிலையான முதல் ஆடுகளம் 1975ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அமைக்கப்பட்டது. அதை வடிவமைத்த எட் ஹெட்ரிக் என்பவரே சங்கிலிக் கூடையையும் உருவாக்கினார். 1976இல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தையும் தொடங்கினார். இன்றும் இந்த ஆட்டத்தின் விதிகளையும் தரவரிசையையும் அந்தச் சங்கமே வகுக்கிறது.

நம் நோயாளிக்கு இந்த ஆட்டம் இதய சிகிச்சைக்குப் பின்னரே அறிமுகமானது. நாள்தோறும் நடக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். தனியே நடப்பது அவருக்குச் சலிப்பூட்டியது. பூங்காவில் சந்தித்த சிலர் ஒரு வட்டைக் கையில் கொடுத்து அழைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அவர் வாரத்தில் நான்கு நாள் ஆடுபவராகி, உடல் எடையைக் குறைத்து, தம் வயதுப் பிரிவின் அமெச்சூர் போட்டிகள் சிலவற்றில் முதலிடமும் பெற்றார். “இந்த ஆட்டம்தான் என்னை வீட்டு நாற்காலியிலிருந்து எழுப்பியது” என்றார் அவர். அதனால்தான் அவர் கேள்வியை எளிதாகப் புறந்தள்ள எங்களால் இயலவில்லை.

‘தொழில்முறை’ என்பதன் பொருள்

தொழில்முறை ஆட்டக்காரர் என்றவுடன், ஆட்டத்தையே வருவாயாகக் கொண்டவர் என்று நாம் எண்ணுகிறோம். டிஸ்க் கோல்ஃபில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு எடை இல்லை. போட்டிகளில் அமெச்சூர் பிரிவுகளும் தொழில்முறைப் பிரிவுகளும் தனித்தனியே உண்டு. அமெச்சூர் பிரிவில் வென்றவருக்குப் பொருள்களோ கடைச்சீட்டோ பரிசாகக் கிடைக்கும். தொழில்முறைப் பிரிவில் பணம் கிடைக்கும். தொழில்முறைப் பிரிவில் ஆடி அந்தப் பணத்தைப் பெற்றுக்கொண்டால், அன்று முதல் ஒருவர் தொழில்முறை ஆட்டக்காரராகக் கருதப்படுகிறார்.

வயதானோருக்கு 40, 50, 55, 60 எனத் தொடங்கி மேலும் பல வயதுப் பிரிவுகள் இரு வகையிலும் உள்ளன. ஒருவருக்கு 60 நிறையும் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே அவர் அந்தப் பிரிவில் ஆடலாம். நம் நோயாளி அந்த டிசம்பரில் அவசரப்பட்டதற்கு இதுவே காரணம். சனவரி பிறந்தால் அவர் 60 வயதுப் பிரிவில் மிக இளையவர்களுள் ஒருவராகிவிடுவார்.

இன்னொரு காரணத்தையும் சற்றுத் தயங்கிச் சொன்னார். இலையுதிர்காலத்தில் ஒரு போட்டியில், அமெச்சூராக இருந்துகொண்டே தொழில்முறைப் பிரிவில் ஆடிப் பார்த்திருக்கிறார். விதி அதற்கு இடம் தருகிறது. எதிர்பாராமல் பரிசுக்குரிய இடம் கிடைத்தது. 90 டாலர் கொண்ட உறையை நீட்டியபோது, தம் அமெச்சூர் நிலையை இழக்க மனமின்றி மறுத்துவிட்டார். “அந்த உறை இன்னும் கண்ணில் நிற்கிறது” என்றார்.

பணத்தின் அளவு அவரைத் தொட்டிருக்கவில்லை. 30 ஆண்டுகள் கணினித் துறையில் உழைத்து ஓய்வை நெருங்கும் ஒருவருக்கு, நோயாளி என்ற பெயருக்குப் பதிலாக வேறொரு பெயர் அந்த உறைக்குள் இருப்பதாகத் தோன்றியிருக்கிறது. இதை அவரே சொல்லவில்லை. அவர் மனைவி சொன்னார்.

உடல் சொல்வது

முதலில் தோளைப் பற்றிப் பேசினோம். சுழல் தசைநாண்கள் என்பவை தோள்பட்டை எலும்பையும் மேற்கை எலும்பையும் இணைத்து, கையைத் தூக்கவும் சுழற்றவும் உதவும் நான்கு தசைகளின் முனைகள். வயது ஏற ஏற இவற்றில் தேய்வும் கிழிசலும் உண்டாவது இயல்பு. வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேன் எடுத்தால் கிழிசல் தென்படும். ஆகவே படத்தில் தெரிவதை மட்டும் வைத்து ஒருவர் ஆடலாமா கூடாதா என்று முடிவு செய்வதில்லை. கைக்கு எவ்வளவு வலிமை இருக்கிறது, எந்த அசைவில் வலிக்கிறது, இரவில் உறக்கத்தைக் கெடுக்கிறதா என்பவையே முதன்மையானவை.

வட்டை வீசும் விசை கையிலிருந்து பிறப்பதில்லை. கால்களில் தொடங்கி, இடுப்பு வழியே உடற்பகுதிக்கு வந்து, கடைசியாகத் தோளையும் முழங்கையையும் அடைகிறது. இடுப்பு விறைத்திருந்தால் குறைந்த விசையை ஈடுகட்டும் சுமை தோள்மேல் விழும். முன்காலை ஊன்றி உடலைத் திருப்புவதால் முழங்காலும் முறுக்கப்படுகிறது. நம் நோயாளிக்குத் தோளில் வலி. ஆனால் இடுப்பின் விறைப்பும் அதற்குக் காரணமாக இருந்ததை இயன்முறை மருத்துவர் கண்டறிந்தார்.

அடுத்தது அளவு. ஒரு சுற்றில் அவர் ஏறத்தாழ 60 முறை எறிகிறார். போட்டி நாளில் இரண்டு சுற்றுகள். அதற்கு முன் பயிற்சி எறிகள் வேறு. மறுநாளும் போட்டி தொடர்ந்தால் இரண்டு நாளில் 240 எறிகளுக்கு மேல். தசைகள் ஓரிரு நாளில் தேறிவிடும். தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அவை மெதுவாகவே தேறுகின்றன, வயதானவர்களுக்கு இன்னும் மெதுவாக. நண்பர்களோடு ஆடுகையில் வலித்தால் நிறுத்திவிடலாம். போட்டியில் நிறுத்துவதற்கு மனம் வருவதில்லை. தொழில்முறைப் பெயரால் உடலுக்கு வரக்கூடிய தீங்கு இங்கேதான் இருக்கிறது. அந்தப் பெயர் வலியை உண்டாக்காது. வலியை மறைக்கத் தூண்டும்.

இதயத்தைப் பற்றியும் பேசியாக வேண்டியிருந்தது. எறியும்போதும் கையைத் தூக்கும்போதும் வரும் வலி பெரும்பாலும் மூட்டையோ தசைநாணையோ சார்ந்தது. மேடு ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ மார்பு, தோள், கை, தாடை ஆகிய இடங்களில் இறுக்கமாகத் தோன்றி, நின்றவுடன் தணியும் வலி இதயத்தினுடையதாக இருக்கக்கூடும். ஓய்விலும் தணியாத மார்பு வலி, மூச்சுத் திணறல், திடீர் வியர்வை, மயக்கம் ஆகியவை உடனடியாக அவசர சிகிச்சையை நாட வேண்டிய அறிகுறிகள். தோள் வலி இருப்பவர், எந்த வலியையும் “அந்தப் பழைய தோள் வலிதான்” என்று ஒதுக்கிவிடும் ஆபத்து உண்டு. இதை அவரிடம் இருமுறை சொன்னோம்.

கோடையில் அந்த மாநிலத்தில் வெப்பமும் ஈரப்பதமும் மிகுதி. இரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகளும் நீர் பிரியச் செய்யும் மாத்திரைகளும் வெப்பத்தில் தலைச்சுற்றலை உண்டாக்கலாம். மருந்தைத் தாமாக நிறுத்தாமல், போட்டி நாளுக்கு முன்னரே இதய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளும்படி அறிவுறுத்தினோம்.

மனைவியின் குறிப்பேடு

அவர் மனைவி கைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்தார். அதில் ஒரு போட்டிக்கான செலவு எழுதப்பட்டிருந்தது: நுழைவுக் கட்டணம் 75 டாலர், எரிபொருள் 40, ஓர் இரவு தங்க 110. ஆகமொத்தம் 225. ஆண்டுக்கு 12 போட்டிகள் என்றால் 2,700 டாலர். ஒவ்வொன்றிலும் அதே 90 டாலர் பரிசு கிடைத்தாலும் 1,080தான் கைக்கு வரும். ஆனால் பரிசு எல்லாப் போட்டியிலும் கிடைக்காது. களத்தில் இறங்குவோரில் ஒரு பகுதியினருக்கே கிடைக்கும். மூத்தோர் பிரிவுகளில் எதிரே நிற்பவர்களோ இளமையிலிருந்தே தொழில்முறையில் ஆடி வருபவர்களாக இருப்பார்கள். 12 முறை உலகப் பட்டம் வென்ற கென் கிளைமோ போன்றவர்களும் நாற்பதைக் கடந்தபின் மூத்தோர் பிரிவில் ஆடியிருக்கிறார்கள்.

“பணத்துக்காக நான் சொல்லவில்லை” என்றார் அந்த அம்மையார். “பன்னிரண்டு வார இறுதிகள், டாக்டர். ஸ்டென்ட் வைத்த இரவில் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். இவர் தோள் வலிக்கிறது என்று என்னிடம் சொல்வதையே நிறுத்திவிட்டார். சொன்னால் ஆட வேண்டாம் என்பேன் என்று பயம்.”

கணவர் தலை குனிந்திருந்தார். சற்று நேரம் கழித்து, “நீ வேண்டாம் என்று சொல்வாய் என்று நினைத்தேன்” என்றார்.

“வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒளிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.”

நோயாளியின் விருப்பமும் குடும்பத்தின் அச்சமும் மோதும்போது, பலர் மருத்துவரைத் தீர்ப்பு வழங்குமாறு கேட்கிறார்கள். அன்று தோளைப் பற்றியும் இதயத்தைப் பற்றியும் எங்களால் சொல்ல முடிந்தது. அவர்களுடைய வார இறுதிகளைப் பற்றி அவர்களே பேசிக்கொள்ள வேண்டியிருந்தது.

திரும்பி வரும் வழி

விதிகளைப் பற்றி அவர் சொன்னவற்றைத் தாளில் இரண்டு பத்திகளாக எழுதிப் பார்த்தோம். அப்போது ஒன்று தெளிவாயிற்று.

அமெச்சூராக இருப்பவர் விரும்பினால் தொழில்முறைப் பிரிவில் ஆடலாம். பணத்தை மறுத்தால் அமெச்சூர் நிலை அப்படியே இருக்கும். தொழில்முறைக்கு மாறியவரோ அமெச்சூர் பிரிவுக்குத் திரும்ப, அவருடைய தரப்புள்ளி ஓர் எல்லைக்குக் கீழே இருக்க வேண்டும். அமெச்சூர் உலகப் போட்டி அவருக்கு மூடப்படும். அமெச்சூர் நிலையை மீண்டும் கோரி விண்ணப்பிக்க வழி உண்டு என்றாலும், அது சங்கத்தின் ஒப்புதலைச் சார்ந்தது. அதாவது, இப்பக்கத்திலிருந்து அப்பக்கம் போகும் கதவு எப்போதும் திறந்திருக்கிறது. அப்பக்கத்திலிருந்து வரும் கதவு பாதிதான் திறந்திருக்கிறது.

அப்படியானால், வலிமையான ஆட்டக்காரர்களோடு மோதிப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்குப் பெயரை மாற்றத் தேவையே இல்லை. பெயர் மாற்றத்தால் புதிதாகக் கிடைப்பவை இரண்டு: பரிசுப் பணமும் அந்தப் பெயரும். எதிர்ப்பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. தம் அமெச்சூர் பிரிவில் ஒருவர் போட்டியே இல்லாமல் தொடர்ந்து வென்றுகொண்டிருந்தால், மற்றவர்களுக்கு இடம்விட்டு மேலே செல்வதே முறை. நம் நோயாளி இன்னும் அந்த நிலையை எட்டவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

மருத்துவத்திலும் நாங்கள் இவ்வாறே சிந்திக்கிறோம். மீளக்கூடிய சிகிச்சையும் மீள முடியாத சிகிச்சையும் ஏறத்தாழ ஒரே பயனைத் தருமென்றால், அவசரம் இல்லாதபோது மீளக்கூடியதை முதலில் முயல்வோம். அவருடைய தோளுக்கும் உடனே அறுவை சிகிச்சை சொல்லாமல், மூன்று மாத இயன்முறைப் பயிற்சியையே முதலில் பரிந்துரைத்தோம். “தோளுக்குச் சொன்னதையே இதற்கும் சொல்கிறீர்கள்” என்று சிரித்தார்.

இறுதியில் இருவரும் ஒரு திட்டத்தோடு எழுந்தார்கள். முதல் ஆறு வாரம் முழு விசையில் எறிவதில்லை. கூடைக்கு அருகிலிருந்து மெதுவாக எறியும் பயிற்சி மட்டும். தோள், இடுப்பு, உடற்பகுதித் தசைகளுக்கான பயிற்சிகள் நாள்தோறும். ஊர் திரும்பியதும் இதய மருத்துவரிடம் டிரெட்மில் பரிசோதனை. எல்லாம் சரியென்றால், அந்த ஆண்டில் நான்கே போட்டிகள். அவற்றில் 60 வயதுத் தொழில்முறைப் பிரிவில் அமெச்சூராகவே ஆடுவது. உறை வந்தால் மறுப்பது. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னும் வலியின் அளவைப் பத்துக்கு எத்தனை என்று மனைவியின் அதே குறிப்பேட்டில் எழுதுவது. வட்டுப் பையைத் தோளில் சுமக்காமல் சக்கர வண்டியில் இழுத்துச் செல்வது.

எட்டு மாதங்களுக்குப் பின்

ஆகஸ்ட் மாதம் அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மூன்று போட்டிகளில் ஆடியிருந்தார். ஒன்றில் பரிசுக்குரிய இடம் கிடைத்து, உறையை மறுத்திருந்தார். மற்ற இரண்டிலும் கடைசி வரிசை. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தபோது, ஒருநாள் போட்டிக்குப் பின் வலி பத்துக்கு இரண்டைத் தாண்டியதில்லை. இரண்டு நாள் தொடர்ந்து ஆடிய ஒரே முறை ஆறு வரை சென்று, மூன்று வாரம் ஆடவே முடியவில்லை. அந்த மூன்று வாரத்தில் தாம் ஏங்கியது போட்டிக்காக அல்ல, புதன்கிழமை மாலைகளில் பழைய நண்பர்களோடு ஆடும் ஒன்பது கூடைகளுக்காகத்தான் என்று எழுதியிருந்தார்.

இப்போதைக்கு அமெச்சூராகவே இருக்க முடிவு செய்திருக்கிறார். தம் வயதுப் பிரிவில் அமெச்சூர் உலகப் போட்டிக்குத் தகுதி பெற முயல்கிறார். ஒருநாள் போட்டிகளில் மட்டும் கலந்துகொள்கிறார். “65 வயதில் அந்த உறையை வாங்கினாலும் வாங்குவேன்” என்று முடித்திருந்தார். கீழே அவர் மனைவி ஒரு வரி சேர்த்திருந்தார்: “வலித்தால் இப்போது சொல்கிறார்.”

இதே நிலையில் இன்னொருவர் தொழில்முறைக்கு மாறுவதே சரி என்று முடிவு செய்யலாம். வலியில்லாத உடலும், செலவுக்கு வசதியும், குடும்பத்தின் இசைவும், அமெச்சூர் போட்டிகளில் இனி அடைய ஏதுமில்லை என்ற நிறைவும் இருந்தால் வயது மட்டுமே தடையாகாது.

உங்களுக்கான கேள்விகள்

சிகிச்சைக்குப் பின் ஒரு விளையாட்டுக்கோ, கலைக்கோ, கடினமான வேலைக்கோ திரும்ப விரும்புவோர் தம் மருத்துவரோடும் குடும்பத்தாரோடும் பேசுவதற்கு உதவும் சில கேள்விகள்:

1. நான் உண்மையில் விரும்புவது எது: அந்தச் செயலா, அதனால் வரும் பெயரா, உடன் இருக்கும் மனிதர்களா?

2. நான் எடுக்கும் முடிவிலிருந்து திரும்பி வர முடியுமா? முடியாதென்றால், திரும்பக்கூடிய சிறிய முயற்சி ஒன்று முதலில் உண்டா?

3. என் உடலுக்கு வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு தேவை? எந்த அறிகுறி வந்தால் உடனே நிறுத்த வேண்டும்?

4. நான் உட்கொள்ளும் மருந்துகள் வெயிலிலும் கடும் உழைப்பிலும் எப்படிச் செயல்படும்?

5. செலவையும் நேரத்தையும் என்னோடு சுமப்பவர் யார்? அவரிடம் கேட்டுவிட்டேனா?

6. வலியை நான் யாரிடமாவது மறைக்கிறேனா? ஏன்?

கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்பது விடையானால், மற்ற ஐந்துக்கும் முன் அதைப் பேசுங்கள். அடுத்த முறை எங்களிடம் வரும்போது, உங்களோடு இருப்பவரையும் அறைக்குள் அழைத்து வாருங்கள்.